சறுக்குமரம் வைத்த கோட்டை

2017 கோடையில் பிரான்சின் நாந்த் நகரத்துக் கோட்டைக்கு ஒரு சறுக்குமரம் வந்தது. எவர்சில்வர் பளபளப்பு, ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். மதில் உச்சியில் உட்கார்ந்து கையை விட்டால், கொத்தளத்தை ஒட்டியே வளைந்து நெளிந்து அகழிப் புல்வெளியில் கொண்டுபோய்த் தள்ளும். எதிரி ஏறிவிடக் கூடாது என்று 1466-ல் கட்டத் தொடங்கிய மதில் அது. அதே மதிலில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அடுத்து வந்த கோடைகளிலும் அது திரும்ப வந்தது.

பிள்ளைகளைக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போகும் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. முதல் பீரங்கி வரை எல்லாம் நன்றாகப் போகும். இரண்டாவது அறையில் தங்கத் தட்டு, மூன்றாவது அறையில் பொய்முடி வைத்த யாரோ ஒரு பிரபுவின் ஓவியம், நான்காவதில் “போலாமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் இப்படி டிக்கெட் காசைத் தண்ணீரில் போட்ட அனுபவம் எனக்கும் இருக்கிறது. நாந்தில் இருக்கும் இந்தப் பிரிட்டனி கோமகன்களின் கோட்டையில் அது நடக்கவில்லை. அதற்குச் சறுக்குமரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

லுவார் ஆறு அட்லாண்டிக் கடலைச் சேர இன்னும் 50 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் நாந்த் இருக்கிறது. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் ஆற்று நீர் மதிலின் காலடியில் அலையடித்தது. இருபதாம் நூற்றாண்டில் நகருக்குள் ஓடிய ஆற்றுக் கிளைகளைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் டிராம் ஓடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனியின் கோமகன்கள் ஆண்ட இந்த நகரம் இன்றைய நிர்வாக வரைபடத்தில் பிரிட்டனி மண்டலத்துக்குள் இல்லை. அதைப் பற்றி நாந்த்காரர் யாரிடமாவது வாயைக் கொடுத்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

நான் போனது அக்காவின் பிள்ளைகளோடு. பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. பாரிஸ் புறநகரில் வளர்கிறவர்கள். அப்பா வழியில் புதுச்சேரிக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் பாட்டியின் தமிழ். சண்டை போடும்போது இரண்டும் கலந்து வரும்.

கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் முரட்டுத்தனம்தான். கருங்கல்லும் கருப்புப் பலகைக்கல்லும் அடுக்கிய தடித்த மதில், ஏழு கொத்தளங்கள், உச்சியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு. அந்த விளிம்பின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. கீழே வந்து சேர்ந்த எதிரியின் தலையில் கல்லைப் போடுவதற்கான ஏற்பாடு. சின்னவன் அங்கேயே கால்மணி நேரம் நின்றான். எவ்வளவு பெரிய கல், தலைக்கவசம் போட்டிருந்தால் சாவானா, கல் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள் என்று வரிசையாகக் கேட்டான். கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. “நீயே யோசி” என்றேன். “எறங்கிப் போயி எடுத்துட்டு வருவாங்க” என்றான்.

பாலத்தைக் கடந்து வாசலுக்குள் நுழைந்தால் வேறு வீடு. முற்றத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்ற மாளிகைகள். லுவார் கரையில் வெட்டி எடுக்கும் துஃபோ என்னும் சுண்ணாம்புக் கல். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். (கீறக் கூடாது. கையை வைத்தாலே விரலில் லேசாக வெள்ளை ஒட்டும், அது போதும்.) வெட்டுவதற்கு மெத்தென்று இருப்பதால் சன்னல் விளிம்பெல்லாம் இலையும் கொடியும் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். வெளியே போருக்கு, உள்ளே விருந்துக்கு என்று கோமகன் இரண்டாம் பிரான்சுவா போட்ட திட்டம் இது. முற்றத்து ஓரத்தில் ஆழமான கிணறு. அதன் மேல் இரும்பில் வளைத்த ஒரு கிரீடம். அந்த இரும்புக்கு ஒரு காலத்தில் தங்க முலாம் பூசியிருந்தார்கள். தண்ணீர் சேந்தும் இடத்துக்குக்கூட முடிசூட்டிய குடும்பம்.

முற்றத்துக்கும் மதில் மேல் நடக்கவும் கட்டணம் கிடையாது. அரை கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் மேலேயே சுற்றி வரலாம். ஒரு பக்கம் கதீட்ரல், ஒரு பக்கம் டிராம், கீழே அகழியில் வாத்து. ஊர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அகழிப் புல்லில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

பெரியவளுக்குக் கல்லும் ஓட்டையும் பிடிக்கவில்லை. அவளை நிறுத்தியது ஒரு வயதுக் கணக்கு.

ஆன் என்னும் பெண் 1477 ஜனவரி 25 அன்று இந்தக் கோட்டையில் பிறந்தாள். அப்பா இரண்டாம் பிரான்சுவாவுக்கு ஆண் வாரிசு இல்லை. அவளுக்குப் பத்து வயதாகும்போது பிரெஞ்சு அரசரின் படை நாந்தை முற்றுகையிட்டது. பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு ஆண்டு போரில் பிரிட்டனி தோற்றது. பிரெஞ்சு அரசரின் சம்மதம் இல்லாமல் மகள்களுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கக் கூடாது என்று கோமகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். சில வாரங்களில் அவர் இறந்துபோனார். பதினொரு வயதில் ஆன் பிரிட்டனியின் கோமகள்.

“என் வயசா?” என்றாள் பெரியவள்.

அதன் பிறகு நடந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1490-ல், பதின்மூன்று வயதில், ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனுக்கு அவளை மணம் முடித்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய தூதர் வந்தார். கல்யாணம் நிறைவேறிவிட்டது என்பதற்கு அடையாளமாகத் தூதர் ஒரு காலை மட்டும் முழங்கால் வரை துணி விலக்கி மணப்பெண்ணின் கட்டிலில் வைத்தாராம். இந்தப் பகுதியை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மாக்சிமிலியன் கடைசி வரை வந்து சேரவில்லை. பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்தது. 1491 டிசம்பரில் ஆன் தன் நாட்டைத் தோற்கடித்த பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸையே மணந்தாள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: மகன் இல்லாமல் அரசர் இறந்தால், அடுத்து வரும் அரசரைத்தான் அவள் மணக்க வேண்டும். பெண்ணும் நாடும் சேர்ந்த சொத்து, கை நழுவக் கூடாது.

1498-ல் அம்புவாஸ் மாளிகையில் சார்லஸ் ஒரு தாழ்வான வாசற்படியின் மேற்கட்டையில் தலையை இடித்துக்கொண்டு அன்றே செத்துப்போனார். சின்னவன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முழுக்க ஒவ்வொரு வாசலிலும் குனிந்துதான் நுழைந்தான். ஆன் நாந்துக்குத் திரும்பினாள். நிபந்தனைப்படி அடுத்த அரசர் பன்னிரண்டாம் லூயியை 1499 ஜனவரியில், பிறந்த இதே கோட்டையில் மணந்தாள். இரண்டு முறை பிரான்சின் அரசியான ஒரே பெண் அவள்தான். ஆனால் இந்த முறை தன் நாட்டை ஆளும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும்படி பேரம் பேசினாள். அந்த இரண்டு கல்யாணங்களுக்கும் நடுவில் பிள்ளைகள் பலரைப் பெற்றுப் பறிகொடுத்திருந்தாள். கடைசியில் தங்கியவர்கள் இரண்டு பெண்கள் மட்டுமே.

1514-ல் ஆன் இறந்தபோது உடல் பாரிஸ் அருகே அரச கல்லறைக்குப் போனது. இதயத்தை மட்டும் ஒரு தங்கப் பேழையில் வைத்து, அவள் விருப்பப்படி நாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பேழையை 2018 ஏப்ரலில் நாந்தின் தொப்ரே அருங்காட்சியகத்திலிருந்து திருடிக்கொண்டு போய் மண்ணில் புதைத்துவிட்டார்கள். சில நாளிலேயே போலீஸ் தோண்டி எடுத்தது. ஐந்நூறு ஆண்டுக் கதைக்குள் திருடன்-போலீஸும் வந்துவிட்டதால் சின்னவனுக்கு அன்றைக்கு ஆன் மீது மரியாதை கூடியது.

சிறைக்கதையும் இந்தக் கோட்டையில் நிறைய உண்டு. ரொட்டி சுடும் இடமாக இருந்த ஒரு கொத்தளத்துக்கு நரகக் கொத்தளம் என்று இன்னொரு பெயர். அங்கே கைதிகளை அடைத்தார்கள். 1654 ஆகஸ்டில், கோட்டையில் கைதியாக இருந்த கார்டினல் தெ ரெட்ஸ் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கிக் கம்பி நீட்டினார். தப்பித்த வேகத்தில் குதிரையிலிருந்து விழுந்து தோளை ஒடித்துக்கொண்டது தனிக்கதை. 1661 செப்டம்பர் 5 அன்று, தன் 23-வது பிறந்தநாளில், பதினான்காம் லூயி இங்கே ஆலோசனைக் கூட்டம் நடத்தினார். கூட்டம் முடிந்து வெளியே போன நிதியமைச்சர் ஃபூக்கேயை நகரத்திலேயே கைது செய்தவர் தார்த்தன்யான். ஆம், மூன்று துப்பாக்கி வீரர்கள் கதையில் வரும் அதே தார்த்தன்யான். அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்பதே பிரான்சில் வளரும் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. 1800 மே மாதத்தில் வெடிமருந்து வைத்திருந்த கொத்தளம் வெடித்துச் சிதறியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் முற்றத்திலேயே ஒரு காங்கிரீட் பதுங்குகுழி கட்டிவிட்டுப் போனார்கள்.

இதுவரை சொன்னதோடு முடித்துக்கொண்டால் நல்ல சுற்றுலா. பெரும்பாலான கோட்டைகள் இங்கேதான் முடித்துக்கொள்கின்றன. நாந்த் முடிப்பதில்லை.

பல ஆண்டுச் செப்பனிடலுக்குப் பிறகு 2007-ல் கோமகன் மாளிகைக்குள் நகர வரலாற்று அருங்காட்சியகம் திறந்தது. மொத்தம் 32 அறைகள். முற்றம் இலவசம், இதற்கு மட்டும் டிக்கெட். ஆனின் காலத்தைக் கடந்து பதினெட்டாம் நூற்றாண்டு அறைகளுக்கு வரும்போது, “இந்த ஊருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்விக்குக் கோட்டை நேராகப் பதில் சொல்கிறது. மனிதர்களை விற்றதில் வந்தது. பிரான்சின் அடிமை வணிகத் துறைமுகங்களில் முதலிடம் நாந்துக்கு. 1,700-க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் இங்கிருந்து புறப்பட்டன. அந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிச் சென்றவர்கள் நான்கரை லட்சம் முதல் ஐந்தரை லட்சம் பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அங்கே ஒரு நீர்வண்ண ஓவியம் இருக்கிறது. மாரி-செராஃபிக் என்னும் நாந்துக் கப்பலின் வரைபடம். 1770-ல் அங்கோலா பக்கம் போய் மனிதர்களை ஏற்றி வந்த கப்பல் அது. ஓவியம் மிக நேர்த்தி: பாய்மரம், தளம், அதன் அடியில் தண்ணீர்ப் பீப்பாய்கள் அடுக்கிய அறை என்று கப்பலைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிறது. பீப்பாய்களுக்கு மேல்தளத்தில் சின்னச் சின்னதாகக் கருப்புக் கோடுகள். குனிந்து பார்த்தால்தான் தெரியும், கோடு ஒவ்வொன்றுக்கும் தலையும் காலும் இருக்கிறது. இடம் விடாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த உடல்கள். 307 பேர். இதை வரைந்தவருக்குக் கண்டனம் செய்யும் நோக்கமே கிடையாது. கப்பலின் ஆட்கள் தங்கள் வேலையைப் பெருமையாகப் பதிந்து வைத்த படம் இது. அதனால்தான் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் பிள்ளையின் தோளைப் பிடித்து மெதுவாக அடுத்த அறைக்குத் திருப்பியது. நானும் அப்படிச் செய்திருக்கலாம். சின்னவன் எண்ண ஆரம்பித்துவிட்டான். எண்ணுவது அவனுக்கு வழக்கம். நாற்பதைத் தாண்டியதும் “எப்படித் திரும்பிப் படுப்பாங்க?” என்று கேட்டான். திரும்ப முடியாது என்றேன். “ஒன்னுக்கு வந்தா?” அதற்கும் உண்மையைத்தான் சொன்னேன். ஏழு வயதுக்கு இது அதிகம் என்று சொல்வோர் இருப்பார்கள். தலையில் கல் விழுந்து சாகிறவனைப் பற்றிக் கால்மணி நேரம் ஆர்வமாகப் பேச விட்டோமே, அது அதிகமில்லையா? கொலையை வீரக்கதையாகச் சொன்னால் பிள்ளைக்குப் பொருத்தம், வியாபாரமாகச் சொன்னால் பொருத்தமில்லை என்று நாம் எப்போது முடிவு செய்தோம் என்பது எனக்குப் புரியவில்லை.

பெரியவள் கேட்டது வேறு கேள்வி. “காசு குடுத்தா வாங்கினாங்க?”

காசு குறைவு; சரக்குதான். இங்கேதான் கதை நம் கரைக்கு வருகிறது. நாந்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பல்களில் துப்பாக்கி, சாராயம், இரும்புக்கட்டி எல்லாம் இருந்தன. ஆனால் சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேல் துணி. அதிலும் ஆப்பிரிக்க வணிகர்கள் விரும்பிக் கேட்டது இந்தியப் பருத்தித் துணி: சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் வங்காளத்திலும் நெய்து, சாயம் ஏற்றி, அச்சடித்தவை. வெயிலில் வெளுக்காது, துவைத்தால் சாயம் போகாது. அதற்குப் பதிலாகப் போலியைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தால் வாங்க மறுக்கும் அளவுக்கு அவர்கள் துணியை அறிந்தவர்கள். 1686-லிருந்து 1759 வரை இந்திய அச்சுத் துணியைப் பிரான்சுக்குள் விற்பதற்கும் உடுத்துவதற்கும் தடை இருந்தது. உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காப்பாற்றுவதற்காக. ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதற்கு மட்டும் அந்தத் தடை இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1733 வரை தன் சரக்கை ஏலம் போட்டு விற்றது நாந்தில்தான். அதன் பிறகே லோரியான் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கம்பெனிக்கு நம் பக்கத்துத் தலைமையிடம் புதுச்சேரி. தடை நீங்கியதும் நாந்திலேயே அச்சுக்கூடங்கள் எழுந்தன. சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் இந்தியத் துணியைப் பார்த்து அச்சடித்து, அதையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட துணிகள் தொங்குகின்றன. சிவப்புப் பூ, கருப்பு விளிம்பு, சுற்றிவரும் கொடி. அழகு, சந்தேகமே இல்லை. பக்கத்து அறையில் அந்தக் கப்பல் படம் இருப்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் கஷ்டம்.

துணியோடு சோழியும் போனது. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழிகளைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அந்தக் கரையின் பல பகுதிகளில் அதுதான் பணம். இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே பெரியவள் நிமிர்ந்தாள். அவளுக்குச் சோழி தெரியும். புதுச்சேரிக்கு விடுமுறைக்குப் போனால் பாட்டியோடு பல்லாங்குழி ஆடுவது சோழி வைத்துத்தான்.

“பாட்டி வச்சிருக்கிறதா? அதையா குடுத்தாங்க சித்தி? ஒரு ஆளுக்கு எத்தனை?”

இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும், ஆயிரக்கணக்கில் என்றேன். துணி நெய்தவர்களுக்கு அந்தத் துணி எங்கே போகிறது என்று தெரியுமா என்று அடுத்த கேள்வி. காஞ்சிபுரத்துப் பக்கமோ கடலூர்ப் பக்கமோ ஒரு நெசவாளிக்கு, தன் தறியில் இறங்கிய துணி கினியா கரையில் ஒரு மனிதனுக்கு ஈடாக எடைபோடப்பட்டது தெரிந்திருக்க வழியில்லை. கம்பெனிக்குத் தெரியும். நாந்தின் கப்பல் முதலாளிக்குத் தெரியும். தடை உத்தரவில் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் விலக்கு எழுதிய அதிகாரிக்கும் தெரியும்.

இந்த அறைகள் சும்மா வந்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் நாந்த் இதைப் பேசாமல்தான் இருந்தது. 1990-களில் தொடங்கிய விவாதமும் கண்காட்சியும் போராட்டமும்தான் இதைக் கோட்டைக்குள் கொண்டுவந்தன. பொய் சொல்வதில்லை என்பதில் இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2020-ல் செங்கிஸ் கான் பற்றிய கண்காட்சி ஒன்றுக்குச் சீனாவிலிருந்து பொருள்கள் வர இருந்தன. ‘செங்கிஸ் கான்’, ‘பேரரசு’, ‘மங்கோல்’ ஆகிய சொற்களை எடுக்க வேண்டும் என்று சீன அதிகாரிகள் கேட்டார்கள். செங்கிஸ் கான் என்று சொல்லாமல் செங்கிஸ் கான் கண்காட்சி! கோட்டையின் இயக்குநர் பெர்த்ரான் கியே அந்த ஏற்பாட்டையே நிறுத்தினார். 2023-ல் மங்கோலியாவின் துணையோடு, மூன்று சொற்களும் இருக்க, கண்காட்சி நடந்தது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் மதில், அதன் பிறகு மாளிகை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஓடிக் களைத்த பிள்ளைதான் ஓரிடத்தில் நின்று பார்க்கும். 32 அறைகளையும் பார்த்தே தீர்வேன் என்று கிளம்பாதீர்கள். ஆன், கப்பல், துணி இந்த மூன்றும் போதும், உலகப் போர் அறைகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் பழைய ஃபெய்தோ தீவுப் பக்கம் நடந்து போங்கள். இப்போது அது தீவில்லை, ஆனால் கப்பல் முதலாளிகளின் வீடுகள் அப்படியே இருக்கின்றன, மணல் தரையில் கட்டியதால் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. சன்னல்களுக்கு மேல் கல்முகங்கள்: கடல் தெய்வம், தாடிக்காரன், இடையிடையே ஆப்பிரிக்க முகம். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரையில் 2012-ல் திறந்த அடிமை ஒழிப்பு நினைவிடம். நடைபாதையில் பதித்த 2,000 கண்ணாடிச் சில்லுகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு கப்பல் பயணத்தின் பெயர். சின்னவன் மாரி-செராஃபிக்கைத் தேடிக்கொண்டே போனான். அதற்குப் பிறகு, ஆற்றின் மறுகரையில் இருக்கும் 12 மீட்டர் உயர இயந்திர யானை மேல் ஏற்றிவிடலாம். நாந்தில் பிறந்த ஜூல் வெர்ன் இந்தியாவில் நடப்பதாக எழுதிய ஒரு நாவலில் நீராவியால் ஓடும் யானை வரும். அந்தக் கற்பனையின் வம்சம்தான் இது. நிஜமாகவே தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும், மாற்றுச் சட்டை அவசியம்.

எங்களுக்கு யானைக்கு நேரம் இருக்கவில்லை. கோட்டைக்கு எதிரே பழைய லூ பிஸ்கட் தொழிற்சாலையின் கோபுரம் நிற்கிறது. இப்போது அந்தக் கட்டடம் கலை அரங்கு. 1886-ல் அந்தக் கம்பெனி போட்ட சதுர வெண்ணெய் பிஸ்கட்டைப் பிரான்சில் தின்னாத பிள்ளை கிடையாது. நான்கு மூலைகள் நான்கு பருவம், ஓரத்துப் பற்கள் 52 வாரம், துளைகள் 24 மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு பாக்கெட் வாங்கி அகழி ஓரத்தில் உட்கார்ந்தோம்.

“இதுல இருக்கிற சர்க்கரையும் அந்தக் கப்பல்ல வந்ததா?” என்றாள் பெரியவள்.

இல்லை, பிரான்ஸ் அடிமை முறையை 1848-ல் ஒழித்துவிட்டது, பிஸ்கட் அதற்குப் பிறகு வந்தது என்றேன். ஆனால் இந்த ஊருக்குச் சர்க்கரைத் தொழிலைக் கொண்டுவந்தவை அந்தக் கப்பல்கள்தான் என்பதையும் சொன்னேன். அவள் பிஸ்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தின்றாள். சின்னவன் பற்களை எண்ணிக்கொண்டிருந்தான். 43 வந்தது. ஒரு மூலையை முதலிலேயே கடித்துவிட்டுத்தான் எண்ண ஆரம்பித்தான் என்று அக்காக்காரி காட்டிக்கொடுத்தாள். இன்னொரு பிஸ்கட் கொடுத்தால்தான் சரியாக எண்ண முடியும் என்று அவன் வாதாடினான்.